ரிப்பேர் கொடுக்கும் முன் நகல் எடுத்தீர்களா?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொள்முதல் செய்கிறோம். போன வாரம் இடிமழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து, கணக்கைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் டேபிள் பழுது என்று சொல்லி பில்லிங் மென்பொருள் திறக்க மறுக்கிறது. விற்றவரிடம் போனில் கேட்டால் ‘ரிப்பேர் கொடுங்க, சரியாயிடும்’ என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ரிப்பேர் என்பது கெட்ட டேபிளைச் சரிசெய்யச் சொல்லும் மைஎஸ்கியூஎல் கட்டளை. அதை இப்போது கொடுக்காதீர்கள். முதலில் நகல் எடுங்கள், பழுதான நிலையிலேயே. கெட்டுப்போனதை எதற்கு நகலெடுப்பது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் பழுது பெரும்பாலும் மைஐஎஸ்ஏஎம் என்ற பழைய வகை டேபிளில் வருவது. அதில் பதிவுகள் ஒரு கோப்பிலும், பேரேட்டின் முன்பக்கத்துப் பெயர் வரிசை மாதிரி ஒரு அட்டவணை இன்னொரு கோப்பிலும் இருக்கும். அட்டவணை மட்டும் கெட்டிருந்தால் ரிப்பேர் அதைத் திரும்பக் கட்டிவிடும். பதிவுக் கோப்பே கெட்டிருந்தால், படிக்க முடியாத வரிகளைத் தள்ளிவிடும். அது எந்த விவசாயியின் பாக்கி என்று பார்க்காது. ரிப்பேர் ஓடும்போதே கரண்ட் போனால் அட்டவணை வெறுமையாக நின்று, அடுத்து செய்யும் வேலை பதிவுகளின் மேலேயே எழுதிவிடக்கூடும். அபூர்வம்தான். ஆனால் ஐப்பசி மழையில் நம் மாவட்டத்துக் கரண்டை நம்பி நான் இறங்கமாட்டேன்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் மென்பொருளை மூடி, பின்னணியில் ஓடும் மைஎஸ்கியூஎல் சர்வீஸையும் நிறுத்துங்கள். பிறகு பதிவுகள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை முழுசாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள். டி டிரைவில் போட்டால் போதாது. பெரும்பாலான கடைகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டிஸ்க்கில் ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டாலோ, நகல் நகராமல் ஒரே இடத்தில் நின்றாலோ உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு தடவை பார்ப்போம் என்று திரும்பத் திரும்ப முயல வேண்டாம். ஒவ்வொரு முயற்சியிலும் டிஸ்க் இன்னும் தேயும். சத்தம் நின்றுவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறது என்றாலும் நம்பாதீர்கள். டிஸ்க்கை அப்படியே இமேஜ், அதாவது முழு டிஸ்க்கின் அச்சு அசல் நகல், எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

‘சிபியூவைக் கொடுங்க, ஃபார்மட் பண்ணித் தர்றேன்’ என்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஃபார்மட் செய்து மென்பொருளைப் புதிதாகப் போட்டதும் காலி டேட்டாபேஸ் ஒன்று வந்து உட்காரும். அப்புறம் ‘ரிகவரி’ என்று தனி பில் வரும். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் நானே பார்த்தேன்: டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் விற்றவர் கையில், வருடப் பராமரிப்புப் பணம் கட்டினால்தான் தருவேன் என்றார். கடைக்காரரின் கணக்கு, கடைக்காரருக்கே பூட்டு! ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். விற்றவரோ பேக்கப் எடுப்பது எப்படி என்று ஒரு தாள்கூட எழுதித் தருவதில்லை. இது எனக்கு ஆறவே இல்லை. பாஸ்வேர்டையும் ஃபோல்டர் இடத்தையும் இன்றே எழுதி வாங்குங்கள்.

நகல் கைக்கு வந்தபின், வேறொரு கம்ப்யூட்டரில் அதன்மேல் ரிப்பேர் கொடுத்து, நாலைந்து விவசாயிகளின் பாக்கியை ரசீதோடு ஒத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் கடைக் கம்ப்யூட்டரில் செய்யலாம். அதுவரை கொள்முதலைக் கைச்சீட்டில் எழுதுங்கள். தேதி, எடை, கிரேடு இருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.