கூர்ப்புப் பாடமும் கண்தானமும்: விஞ்ஞான ரீச்சரின் பதில்கள்

கேள்வி: உயர்தர வகுப்பில் கூர்ப்பு (பரிணாமம்) படிப்பித்தபோது ஒரு மாணவன் எழும்பி, "மனிசனைக் கடவுள் படைத்தவர் என்றுதானே சமய பாடத்தில் படிச்சனாங்கள், எது சரி சேர்?" என்று கேட்டான். வகுப்பில் சைவப் பிள்ளைகளும் வேதப் (கிறிஸ்தவப்) பிள்ளைகளும் இருக்கிறார்கள். என்ன சொல்வது?
– ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, முதலில் அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள், இரண்டு பாடத்தையும் கவனித்துக் கேட்டிருக்கிறான். பிறகு, பரம்பரை இயல்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்று ஆராய்ந்த மெண்டலைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் பிறுனோ நகரத்துக் கத்தோலிக்க மடமொன்றின் துறவி. மடத்துத் தோட்டத்தில் உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்து வளர்த்து, இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850 என்று எண்ணி, 1866இல் கட்டுரையாக வெளியிட்டார். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. பூசை செய்த கைதான் எண்ணியது. ஆனால் அந்த விகிதத்துக்கு விதைகள்தான் சாட்சி. ஒட்டுசுட்டானில் ஒரு சைவப் பிள்ளை எண்ணினாலும் அதே கணக்குத்தான் வரும்.

கூர்ப்பும் அப்படித்தான். உயிர்ச்சுவடுகளும் டிஎன்ஏயும் காட்டுவதைத் தெளிவாகப் படிப்பியுங்கள். "இதுவும் சரி, அதுவும் சரி" என்று மழுப்ப வேண்டாம். கடவுள் இல்லை என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம், அது நுணுக்குக்காட்டியில் தெரிகிற விஷயமில்லை. வேதப் பிள்ளைகளின் வீட்டார் வந்து கேட்டால், கூர்ப்பு வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரே 1996இல் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா கண்தானம் செய்ய விரும்புகிறார். மாமியோ, "கண்ணில்லாமல் எரித்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்பான்" என்று அழுகிறா. எப்படி விளங்கப்படுத்துவது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பிள்ளை, மூடநம்பிக்கை என்று சொல்லி மாமியின் வாயை அடைத்துவிடாதீர்கள். உடலையே காணாமல், கொள்ளி வைக்கவும் கொடுத்துவைக்காமல் நிற்கிற குடும்பங்கள் எங்கள் வன்னியில் எத்தனை! ஒருவரையாவது முழுசாய் வழியனுப்ப வேண்டும் என்ற தவிப்பு அங்கிருந்தும் வருகிறது. அதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

பிறகு விபரம் சொல்லுங்கள். இன்னொருவருக்குப் பொருத்துவது கருவிழிக்கு முன்னால் இருக்கிற, கண்ணாடி போன்ற மெல்லிய படலத்தைத்தான். அதில் இரத்தக்குழாய் இல்லை. அதனால்தான் மற்றவர் உடல் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்கிறது. இறந்து சில மணித்தியாலத்துக்குள் எடுத்துவிடுவார்கள். இமையை மூடிவிட்டால் முகம் முன்போலவே இருக்கும், செத்தவீடும் பிந்தாது.

1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் இங்கே சேர்வதை வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. பௌத்தர்களின் தான நம்பிக்கை அதற்குப் பெரிய பலம். எங்களிடம் கண்ணப்பர் இருக்கிறார். அவரைக் கும்பிடுகிற மாமியிடம் அந்தக் கதையைச் சொல்லலாம், ஆனால் மடக்குவதற்காகச் சொல்லாதீர்கள்.

கண் எப்படி இயங்குகிறது என்பதை விஞ்ஞானம் சொல்லட்டும். அப்பாவின் உடலை என்ன செய்வது என்று வரும்போது சமயமும் பேசலாம், மாமியும் பேசலாம், முடிவு அப்பாவுடையது. அவர் தன் வாயாலேயே மாமிக்குச் சொல்ல இப்போதே ஒரு நாள் பாருங்கள். அவர் கண்மூடிய பிறகு சம்மதம் கேட்டு உங்களிடம்தான் வருவார்கள்.