வெரிகோசில் ஆபரேஷன் செய்தால் குழந்தை பிறக்குமா?

கேள்வி: எனக்கு வயது 33, மனைவிக்கு 29. இரண்டு வருடமாக முயற்சி செய்கிறோம், கரு தங்கவில்லை. மனைவிக்குக் குறை எதுவும் இல்லை. என் விந்தை இரண்டு முறை பரிசோதித்ததில் மில்லிக்கு 90 லட்சம் அணுக்கள்தான், ஓட்டமும் குறைவு. இடது பக்கம் வெரிகோசில், அதாவது விரை நாளங்களின் வீக்கம், இருப்பது தொட்டாலே தெரிகிறது, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். ஆண்மை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். இந்த ஆபரேஷனில் கட்டுவது விரையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகிற, வீங்கிப்போன நாளங்களை மட்டும்தான், விறைப்புக்கும் உறவுக்கும் அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த நாளங்களில் ரத்தம் தேங்குவதால் விரையில் சூடு ஏறுகிறது, அது அணு உற்பத்தியைக் கெடுக்கிறது.

வெரிகோசில் இருக்கிற எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. ஆண்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது, அவர்களில் பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அப்பாவாகியிருக்கிறார்கள். ஸ்கேனில் மட்டும் தெரிந்து கைக்குத் தட்டுப்படாததை ஆபரேஷன் செய்வதால் பலன் இல்லை, அப்படியும் செய்துகொண்டு ஏமாந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. உங்கள் நிலை வேறு: தொட்டால் தெரிகிறது, எண்ணிக்கை உலக சுகாதார நிறுவனம் கீழ்வரம்பாகச் சொல்லும் 1.6 கோடிக்கும் கீழே இருக்கிறது, மனைவிக்கும் இன்னும் வயது இருக்கிறது. அதனால் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். மனைவிக்கு 38 வயது என்றால், காத்திருக்க நேரமில்லை என்று ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) பற்றி யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

மைக்ரோஸ்கோப் வைத்து, தொடை இடுக்குக்குப் பக்கத்தில் சின்னதாக வெட்டிச் செய்கிற முறையைக் கேளுங்கள். ரத்தம் கொண்டுவரும் தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் கண்ணால் பார்த்து விலக்கிவிட முடிவதால், விரையைச் சுற்றி நீர் கோப்பதும் வெரிகோசில் திரும்ப வருவதும் இதில்தான் மிகக் குறைவு. இந்த முறையில் நிறையப் பேருக்குச் செய்த அனுபவம் இருக்கிறதா என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, குழந்தை? உத்தரவாதம் யாராலும் தர முடியாது. மூன்றில் இரண்டு பேருக்கு அணுக்களின் எண்ணிக்கையோ ஓட்டமோ கூடுகிறது, கரு தங்குவது அதைவிடக் குறைவானவர்களுக்குத்தான். ஒரு அணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும். அதனால் மூன்று மாதம் கழித்து ஒரு முறை, ஆறாவது மாதம் ஒரு முறை பரிசோதியுங்கள். முதல் மாதமே எடுத்துப் பார்த்துவிட்டு உடைந்து போகாதீர்கள். அப்புறம், சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.