தோட்டம் கேள்வி–பதில்: இன்னும் எந்த உரத்தை வாங்குவது?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தரையில் கத்தரி, தக்காளி, அவரை போட்டிருக்கிறேன். மாடியில் பதினைந்து தொட்டிகள். 19-19-19, எப்சம் உப்பு, கடல்பாசிச் சாறு, நுண்ணுயிர் உரம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் வாங்கிப் போட்டேன். தரைச் செடிகள் புதர்போல் தழைக்கின்றன, காய் இல்லை. தொட்டிச் செடிகளில் இலை நுனி கருகுகிறது. இன்னும் எதை வாங்க வேண்டும்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளுமே உரம் கூடிப்போனதைக் காட்டுகின்றன. தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் செடி இலையாகவே வளரும், பூப்பது தள்ளிப்போகும், இளந்தளிரில் அசுவினிப் பூச்சியும் வந்து மொய்க்கும். நுனி கருகுவது தொட்டியில் உப்பு தேங்கியதால் இருக்கலாம்.

நான் தோட்டம் போட்ட புதிதில் மிளகாய்த் தொட்டி ஒன்று வாடிக்கொண்டே இருந்தது. வாடுகிறதே என்று வாரம் தவறாமல் உரக்கரைசல் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்நுனிகள் பழுப்பேறிக் கிடந்தன. மண்ணில் ஈரம் இருந்தும் அவ்வளவு உப்புக்கு நடுவில் வேரால் அதை இழுக்க முடியவில்லை. அந்தச் செடி பிழைக்கவில்லை. உங்கள் செடிகள் பிழைக்கும். மேலே தெரியும் பொருக்கை வழித்தெடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடிய விடுங்கள். புதுத்தளிர் நன்றாக வரும்வரை உரமே வேண்டாம்.

அந்த 19-19-19 பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் நூற்றுக்கு 19 பங்கு வீதம் இருக்கின்றன. மூன்றும் சமமாக இருப்பதால் செடிக்கு நிறைவான சாப்பாடு என்று பலரும் நினைக்கிறார்கள். செடியோ தழைச்சத்தை எடுப்பதில் சிறு பங்கு அளவுக்குத்தான் மணிச்சத்தை எடுக்கும். தழைச்சத்து நீரோடு கீழே இறங்கிவிடும். மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கு ஆண்டு சேரும். மிகுந்துபோனால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைப்பது குறையும். வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளும் ஒதுங்கிவிடும். பிறகு நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, தளிரிலை வெளிறும். அதைப் பார்த்துவிட்டு நுண்ணூட்டக் கலவை வாங்க ஓடுவோம். ஒரு பை இன்னொரு பையை வீட்டுக்கு அழைத்து வருவது இப்படித்தான்.

தரைக்கு உங்களுக்குத் தேவை மக்கு உரம். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே காய்ந்த இலையால் மூடாக்கு போட்டால் பெரும்பாலான மண்ணுக்கு அதுவே போதும். நுண்ணுயிர் உரத்துக்கும் அவசரம் இல்லை. அவரைக் கொடி ஒன்றை வேரோடு மெதுவாகத் தோண்டி எடுத்து, வேரிலுள்ள முண்டு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத்தரும் பாக்டீரியா அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது. இருப்பதை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

தொட்டி விஷயம் வேறு. தொட்டியில் நிரப்பும் தென்னை நார்க்கழிவுக் கலவையில் சத்து குறைவு. தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் இருப்பதும் வடிந்து போகும். அங்கே வெளியிலிருந்து ஊட்டித்தான் ஆக வேண்டும். புதுத்தளிர் வந்த பிறகு, மாதம் ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். காய்க்கும் பருவத்தில் செடி சோர்ந்தால், கடை உரத்தைப் பையில் போட்டிருக்கும் அளவில் பாதி மட்டும் கரைத்து ஊற்றலாம். கடை உரம் விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். தழைச்சத்தை வேர் உறிஞ்சும் வடிவமான நைட்ரேட், மக்கிலிருந்து வந்தாலும் மூட்டையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். அளவும் நேரமும்தான் என் கவலை.

கேள்வி: தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துத் தோல்போல் ஆகிறது. முட்டை ஓடும் எப்சம் உப்பும் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: எப்சம் உப்பைப் போடவே போடாதீர்கள். அது மக்னீசியம் சல்பேட். உங்கள் காய்க்குப் போய்ச் சேராமல் இருப்பது கால்சியம். மக்னீசியம் கூடினால் வேரில் கால்சியத்தோடு போட்டி போட்டு நிலைமையை மோசமாக்கும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பருவத்துக்கு உதவாது. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். அதைக் காய்வரை சுமந்து செல்ல நீர்தான் வேண்டும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதை நிறுத்திப் பாருங்கள். கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள், அடுத்து வருபவை தேறும்.

கேள்வி: சிறிய தோட்டத்துக்கு மண் பரிசோதனை தேவையா?

பதில்: பல ஆண்டாக உரம் போட்ட மண்ணென்றால் கட்டாயம் தேவை. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, எட்டு பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை சீராகச் சுரண்டி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ அனுப்புங்கள். அண்மையில் உரம் போட்ட இடத்து மண் வேண்டாம். முடிவு வந்ததும் முதலில் கார அமில நிலையை (pH) பாருங்கள். 6-லிருந்து 7-க்குள் இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்கு நல்லது. 8-ஐ நெருங்கினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்கு எட்டாது. அதன்மேல் எத்தனை மூட்டை பொதுவான உரம் கொட்டினாலும் இலை வெளிறித்தான் இருக்கும். முடிவுத் தாளை எனக்கு அனுப்பினால் சேர்ந்து பார்ப்போம்.