மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பதற்கும் துருவப் பனிக்கும் என்ன சம்பந்தம்?

சரி, சென்னை மாடியிலிருந்தே தொடங்கலாம். கத்திரி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று பாருங்கள் (வேண்டாம், சும்மா சொன்னேன்). புதுத் தார் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். மீதியை விழுங்கிச் சூடேறும். சுண்ணாம்பு அடித்த மாடி பெரும்பகுதியைத் திருப்பிவிடும்.

பூமிக்கும் இதே கணக்குதான். வரும் வெயிலில் ஏறத்தாழ 30 சதவீதம் விண்வெளிக்கே திரும்புகிறது, பெரும்பாலும் மேகங்களின் தயவில்.

சிக்கல் ஆர்க்டிக்கில். அங்கே கடல்பனி 50 முதல் 70 சதவீத ஒளியைத் திருப்பும். அது உருகினால் வெளிப்படும் கருநீலத் தண்ணீர் திருப்புவது சுமார் 6 சதவீதமே. கடல் சூடேறும், இன்னும் பனி உருகும், அப்புறம் இன்னும் சூடு. பட்ட காலிலேயே படும் என்பார்களே, அது போல.

மாடிக்கு வெள்ளை அடித்தால் உங்கள் அறை குளிரும். பூமி குளிராது, நகரங்கள் பிடித்திருக்கும் இடம் அவ்வளவு கொஞ்சம்.