கீபோர்டைப் பிடுங்கும் கை

அன்புள்ள ஐயா,

நான் மார்த்தாண்டத்திலிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு நாள்தோறும் போய்வருகிறவள். மென்பொருள் துறையில் பதினொரு ஆண்டு அனுபவம். கடந்த ஓராண்டில் அலுவலகமே தலைகீழாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தன. குழுக்களைக் கலைத்துப் புதிதாகச் சேர்த்தார்கள். என்னைவிட ஏழு வயது இளையவர் எனக்கு லீடாக, அதாவது குழுத் தலைவராக, வந்திருக்கிறார். இனிமேல் நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, பேசிப் பழகும் திறனான சாஃப்ட் ஸ்கில் வேண்டும் என்று எச்.ஆர். மாதம் ஒரு வகுப்பு வைக்கிறது. என் ஆங்கிலப் பேச்சு சுமார்தான். ஆளுமைத் தேர்வில் நான் அகமுகி, அதாவது ஒதுங்கியிருக்கும் சுபாவம், என்று வந்திருக்கிறது. வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. குழுவில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் ஒருவர் இருக்கிறார், நாற்பத்தெட்டு வயது. புதுக் கருவியில் எதையாவது காட்டிக்கொடுத்தால் தடவிக்கொண்டே இருப்பார். நான் கீபோர்டை வாங்கி இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் பேசத் தெரியாததால் பின்தங்கிவிடுவேனா? ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் சேரலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இத்தனை விரைவில் பதில் எழுதுவதற்கு உங்கள் கேள்விதான் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். போன வாரம் என் பேத்தி, நான் செல்போனில் எதையோ தேடித் திணறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அதை என் கையிலிருந்து வாங்கி, வேண்டியதை எடுத்துத் திரும்பக் கையில் வைத்துவிட்டுப் போனாள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு ஏன் முகம் சுருங்கிற்று என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், ‘கீபோர்டை வாங்கி இரண்டு நிமிடத்தில்’ என்ற உங்கள் வரி வந்து சேர்ந்தது.

ஆளுமைத் தேர்வின் முடிவைக் குழித்துறை ஆற்றில் விட்டுவிடுங்கள். லீடின் வயதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. இளையவரின் கீழ் வேலை பார்ப்பது உலகத்தில் உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சாஃப்ட் ஸ்கில் என்ற சொல்லைப் பற்றி மட்டும் சற்றுச் சொல்கிறேன். அது அமெரிக்க ராணுவத்தின் பயிற்சித் துறையில் புழங்கிப் பரவிய சொல். படைவீரர்களின் வேலைகளை வகைபிரித்தவர்கள், இயந்திரத்தோடு செய்வதை ஒருபுறமும் இயந்திரத்தோடு அநேகமாகத் தொடர்பே இல்லாததை மறுபுறமும் வைத்தார்கள். இரண்டாவது வகைக்கென்றே 1972இல் ஒரு மாநாடும் கூட்டினார்கள். உங்கள் எச்.ஆர். இன்றும் அந்தக் கோட்டைத்தான் கிழித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் ஒரு திரையின் முன்னே உட்கார்ந்திருக்கும்போது கீபோர்டு யார் பக்கம் இருக்கிறது என்பது அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் வரும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

1993இல் நான் நாகர்கோவிலில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக இருந்தேன். வங்கிகளில் இயந்திரங்களை அனுமதிப்பது குறித்துத் தொழிற்சங்கங்களுக்கும் நிர்வாகங்களுக்கும் 1983இலேயே ஒப்பந்தம் ஆகியிருந்தபோதிலும், எங்கள் கிளைக்குக் கணினி வந்து சேர மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. சேமிப்புக் கணக்கு லெட்ஜரை இருபத்தாறு ஆண்டுகளாக எழுதிவந்த ஒருவரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். வாடிக்கையாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே லெட்ஜரில் அவர் கணக்கு இருக்கும் ஃபோலியோ எண்ணைச் சொல்லிவிடுவார். ஒரே பெயரில், ஒரே தலைப்பெழுத்தோடு ஏழெட்டுக் கணக்குகள் இருந்தன. அவருக்கு அவர்கள் தக்கலைக்காரர், ரப்பர்காரர், வாத்தியார். திரையிலோ எல்லாரும் வெறும் எண்களாகிவிட்டார்கள்.

அவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு, வயதில் இளையவன் என்பதால், என்னிடம் வந்தது. அவர் வலதுகை ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, எழுத்துகளுக்கு மேலே சற்று நேரம் அந்தரத்தில் நிறுத்தி, ஒன்றைக் கண்டுபிடித்து அழுத்திவிட்டு, சரியாக விழுந்ததா என்று திரையை நிமிர்ந்து பார்ப்பார். மேஜைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “மக்களே, கொஞ்சம் பொறு, நானே செய்து பாக்கேன்” என்றார். அதற்குள் நான் என்டரைத் தட்டியிருந்தேன். இன்னும் இரண்டு மூன்று முறை அப்படி நடந்தது. பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஆள் கற்றுக்கொண்டுவிட்டார் என்று மேலாளரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் வாத்தியாரின் ஓய்வூதியம் ரப்பர்காரரின் கணக்கில் ஏறிவிட்டது. தொகை சரியாக இருந்து கணக்கு மட்டும் மாறினால் நாளிறுதிக் கூட்டல் ஒழுங்காகவே வரும். அண்ணாச்சிக்கு அன்று மாலையே சந்தேகம் வந்திருக்கிறது. ஏற்றிய பதிவைத் திரும்பத் திறந்து பார்க்க எந்த விசை என்று அவருக்குத் தெரியவில்லை; கேட்டால் நான் என்ன செய்வேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. நான்கு நாள் கழித்து வாத்தியார் கவுண்டரில் பாஸ்புக்கை நீட்டினார். மேலாளர் அறையிலிருந்து மெமோவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி வெளியே வந்தார். அந்த மெமோவில் என் பெயர் இல்லை, இருந்திருக்க வேண்டும்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைக் கணக்கெடுத்தபோது, ஒற்றுமையாக வேலை செய்யும் பிரிவுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு திகைத்தார். அங்கே பிழைகளை வெளியே சொன்னார்கள், மற்ற பிரிவுகளில் மறைத்தார்கள் என்று அவருக்குப் பின்னர் புரிந்தது. 1999இல் அவர் எழுதிய ‘உளவியல் பாதுகாப்பு’ பற்றிய கட்டுரைக்கு வித்து அதுதான். உங்கள் குழுவில் காலையில் கூடும் ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் ‘தடை ஏதும் உண்டா’ என்று கேட்கும்போது அந்த டெஸ்டர் என்ன சொல்கிறார்? ‘இல்லை’ என்கிறார் என்று பந்தயம் கட்டுவேன். நீங்கள் இருக்கிறீர்களே, வேறென்ன சொல்வார்!

எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ‘முடித்துக் கொடுத்துவிடுவேன்’ என்று அதை ஓர் உதவியைப் போல எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வேலை முடிந்தது, அவர் கற்றது ஒன்றுமில்லை. உங்களுக்கு மிச்சமான நேரத்துக்கான விலையை அவர் கொடுத்தார். இனி அவர் இரவில் வீட்டில் உட்கார்ந்து தன் சந்தேகங்களை அந்தச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக்கொள்வார். நூறு முறை கேட்டாலும் அது பெருமூச்சு விடுவதில்லை, கால் ஆட்டுவதில்லை. ஆனால் எந்த வாடிக்கையாளரிடம் எந்த வருடம் எது உடைந்ததால் இந்தச் சோதனை எழுதப்பட்டது என்பது, யாரும் எங்கும் எழுதி வைக்காதவரை, அதற்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். உங்களிடம் சொல்வதற்கு அவருக்கு இனிக் காரணம் இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றும் புதிதல்ல. ஜோடியாக நிரல் எழுதும் முறையில் கீபோர்டு ஒருவரிடம் இருக்கும், மற்றவர் வழி சொல்வார், இடையிடையே மாறிக்கொள்வார்கள். கற்றுக்கொடுக்கும் வேளையில் கீபோர்டு கற்பவரிடமே இருக்கட்டும், நீங்கள் வாயால் சொல்லுங்கள். அரை நாள் போகும், போகட்டும். குலசேகரத்தில் என் மாமா எனக்குப் பால்வெட்டு பழக்கியதும் இப்படித்தான்: முறிக்கப்போகும் பழைய ரப்பர் மரம் ஒன்றின் முன்னே நிறுத்தி, கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, தன் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார். கத்தி பட்டைக்கு உள்ளே ஆழமாக இறங்கி மரம் காயப்பட்டபோதும் அந்தக் கைகள் முன்னே வரவில்லை. அப்படிக் கற்ற நான்தான் அண்ணாச்சியிடம் அப்படி நடந்துகொண்டேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நீங்கள் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் அந்த வரியை எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள். நாளை அவர் அருகில் உட்காரும்போது உங்கள் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலப் பயிற்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டணத்தை நிறுவனம் கட்டுமானால் சேர்ந்துகொள்ளுங்கள்.