மதப்பற்று மிகுந்த அரபு நாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி எப்படி வேர் பிடித்தது?

ஈராக்கை வைத்துச் சொல்கிறேன். அங்கே மதம் பெரிய தடையாக இருக்கவில்லை என்பதுதான் என் கருத்து. கட்சி 1934 மார்ச் 31-இல் பாக்தாத்தில் உருவானது. அதை உண்மையில் வளர்த்தெடுத்த ‘ஃபஹத்’ என்கிற யூசுஃப் சல்மான் யூசுஃப் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவரோடு தலைமையில் இருந்த ஹுசைன் அல் ஷபீபியோ ஷியா முஸ்லிம்களின் புனித நகரமான நஜஃபைச் சேர்ந்தவர். கட்சி இதை விசித்திரமாக நினைக்கவில்லை.

ஆள் சேர்ந்ததற்குக் காரணம் வயிறும் வேலையும்தான். 1933-இல் வந்த சட்டம், ஜமீன்தாரிடம் கடன்பட்ட குடியானவன் கடன் தீரும்வரை நிலத்தை விட்டு நகரக் கூடாது என்றது. தப்பி பாக்தாத் வந்தவர்களுக்குக் கிடைத்தது நாணல் குடிசை. ரயில்வே பட்டறை, பாஸ்ரா துறைமுகம், கிர்குக் எண்ணெய் வயல் எல்லாம் ஆங்கிலேயர் நிர்வாகத்தில். கூலி கேட்டால் கம்பெனியோடும் பிரிட்டனோடும் ஒரே நேரத்தில் மோத வேண்டியிருந்தது. 1941-இல் பொதுச்செயலாளரான ஃபஹத் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். இந்த மூன்று இடங்களில்தான் முழு பலத்தையும் இறக்கினார். நாடு ஓடுவதும் நிற்பதும் அங்கேதானே இருந்தது!

1946 ஜூலையில் கிர்குக் எண்ணெய்த் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வீட்டு வசதியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். காவூர்பாகி தோப்பில் தினமும் கூடி, அன்றன்றைய நிலவரத்தைப் பேசுவார்கள். 12-ஆம் தேதி போலீஸ் அங்கேயே புகுந்து சுட்டது, பலர் இறந்தார்கள். 1948-இல் ஹதீதா பக்கம் கே-3 என்ற எண்ணெய்க் குழாய் பம்பிங் ஸ்டேஷன் வேலைநிறுத்தத்தில் எண்ணெய்க் கம்பெனி சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தியபோது, தொழிலாளர்கள் பாக்தாத்தை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டார்கள். வழியில் இருந்த ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள். ஃபல்லூஜாவில் போலீஸ் மறித்துக் கைது செய்தது. எனக்கு இந்தக் கட்சியின் கதையில் மிகவும் பிடித்த பகுதி இந்த நடைப்பயணம்தான்.

சறுக்கலையும் சொல்ல வேண்டும். பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிப்பதை மாஸ்கோ, அதாவது சோவியத் அரசு, ஆதரித்ததும், அதுவரை எதிர்த்துவந்த கட்சியும் தன் நிலையை மாற்றிக்கொண்டது. அரபு மக்கள் நடுவே இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. கட்சியை மக்களிடமிருந்து விலக்கப் போலீஸால் முடியாததை இந்த முடிவு செய்தது.

1949 பிப்ரவரியில் ஃபஹத்தையும் ஷபீபியையும் இன்னொரு தலைவரான ஸகி பஸீமையும் பாக்தாத் சதுக்கங்களில் தூக்கிலிட்டார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று உடல்களை மணிக்கணக்கில் இறக்காமல் வைத்தார்கள். அப்படியும் பத்து ஆண்டுகளில், 1959 மே தினத்தன்று, அதே பாக்தாத்தில் அந்தக் கட்சியின் பின்னால் லட்சக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள்.