ஆர்ட்டிசன் வெல்லமும் நம்ம ஊர் ஆலைக்காரரும்

கேள்வி: அக்கா, போன வாரம் ஓசூரில் ஒரு கடையில் 'ஆர்ட்டிசன் நாட்டு வெல்லம்' என்று அழகான அட்டைப்பெட்டியில் போட்டு, எங்கள் சந்தை விலையைப் போல மூன்று மடங்கு சொன்னார்கள். எங்கள் ஊரிலும் கரும்பைப் பிழிந்து காய்ச்சித்தானே வெல்லம் எடுக்கிறார்கள்? இந்த ஆர்ட்டிசன் என்றால் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு மவுசு?
- பாலக்கோடு வாசகி

பதில்: அந்தச் சொல்லுக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறதம்மா. கைப்பக்குவம். அட்டைப்பெட்டியை மறந்துவிட்டு, நம் கடத்தூர்ப் பக்கத்து வெல்ல ஆலை ஒன்றில் அரை நாள் நின்று பாருங்கள்.

நூறு கிலோ கரும்பு ஆட்டினால் சுமார் பத்து கிலோ வெல்லம்தான் கிடைக்கும். சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, பிழிந்த சக்கையைக் காயவைத்து அதையே அடுப்பில் எரித்து, மேலே திரண்டு வருகிற அழுக்கை வழித்து வழித்து எடுத்துக்கொண்டே இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்ச வேண்டும். இதுவரை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். கடைசிப் பத்து நிமிடம்தான் விஷயமே. பாகு எழும்பும் குமிழியைப் பார்த்து, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, 'இப்ப இறக்கு' என்று ஒருவர் சொல்வார். கொஞ்சம் முந்தினால் வெல்லம் இளகும், பிந்தினால் கருகும். அன்றைக்கு வந்த கரும்பு எந்த நிலத்தது, வெட்டி எத்தனை நாள் ஆயிற்று என்பதெல்லாம் அவர் கணக்கில் இருக்கும். வெட்டி இரண்டு நாள் வெயிலில் கிடந்த கரும்பில் சர்க்கரை உடைந்துபோய், எவ்வளவு காய்ச்சினாலும் உருண்டை சரியாக இறுகாது. அது தெரிந்து அதற்கேற்ற மாதிரி கையை மாற்றுகிறாரே, அவர்தான் ஆர்ட்டிசன். சின்ன வயதில் ஆலையில் நின்று சூடான பாகை வெற்றிலையில் வாங்கித் தின்றவள் நான், அந்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதே வெல்லத்தை இன்னொரு விதமாகவும் செய்யலாம். வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சி, நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற கந்தகம் கலந்த ரசாயனப் பொடியைத் தூவினால், எந்தக் கரும்பாக இருந்தாலும் மஞ்சளாக, ஒரே மாதிரி வந்துவிடும். அந்தப் பொடியால் வெல்லத்தில் தங்குகிற கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அழுக்கெடுக்க வெண்டைச் செடித் தண்டை நசுக்கிப் போட்டவர்கள் நம் ஆட்கள், அது போதும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் கறுப்பு வெல்லத்தை ஒதுக்கிவிட்டு மஞ்சளைக் கையில் எடுப்பது யார்? சந்தையில் நிற்கிற நாம்தானே. அதனால் ஆலைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பெயரைப் பார்த்து வாங்குபவர் ஏமாறாமல் இருக்க, பிரான்சில் 1998-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மாவு பிசைவது, ரொட்டி பிடிப்பது, சுடுவது எல்லாம் ரொட்டிக்காரர் தன் பொறுப்பில் அங்கேயே செய்தால்தான் கடைக்கு 'பூலாஞ்ஜெரி', அதாவது ரொட்டிக்கடை, என்று பெயர்ப்பலகை வைக்கலாம். நம் நாட்டு 2018-ம் வருட உணவு விளம்பர விதிகளும் கொஞ்சம் கை கொடுக்கின்றன. 'அசல்', 'பாரம்பரிய' போன்ற சொற்கள் பிராண்ட் பெயரிலேயே இருந்து வாங்குபவரை ஏமாற்றும் என்றால், இது வெறும் பிராண்ட் பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல என்று உறையில் அச்சிட வேண்டும். அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் படியுங்கள். அப்புறம் கடைக்காரரிடம் எந்த ஊர் ஆலை, யார் காய்ச்சினார்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் மூன்று மடங்கு விலை அட்டைப்பெட்டிக்குத்தான்.

கேள்வி: ஊரெல்லாம் மரச்செக்கு எண்ணெய் போர்டு. எதை நம்புவது?
- ஊத்தங்கரை வாசகர்

பதில்: முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்த பிறகும் பருப்பு விலையைவிடக் குறைவாக எண்ணெய் கொடுக்கிறார் என்றால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. செக்கை மாடு இழுத்தால் என்ன, மோட்டார் இழுத்தால் என்ன, எனக்கு அது பெரிய விஷயமில்லை. எள் ஆட்டும்போது கருப்பட்டியை எப்போது, எவ்வளவு போடுவது என்று தெரிந்த கை அங்கே இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது கல்லீரலைக் கெடுக்கும். ரீஃபைன் செய்யும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கு எண்ணெயில் அப்படியே தங்கிவிடும். அதனால் செக்குக்காரர் கடலையைப் பரப்பி, கறுத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிகிறாரா என்று நேரில் பாருங்கள். அதைச் செய்யாதவரிடம் எவ்வளவு பழைய மரச்செக்கு இருந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து நாளெல்லாம் புளி தட்டுகிறார்கள். அவர்களையும் ஆர்ட்டிசன் என்று சொல்லலாமா?
- கிருஷ்ணகிரி வாசகி

பதில்: சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். ஓட்டை உடைத்து, நாரை உருவி, சதை நசுங்காமல் கொட்டையைத் தட்டி எடுப்பது எத்தனை கஷ்டம் என்று ஒரு கிலோ புளியை நீங்களே தட்டிப் பாருங்கள், தெரியும். சாயங்காலத்துக்குள் புளிப்பு ஏறி விரல் நுனியெல்லாம் எரியும். எந்தக் காயில் ஈரம் இருக்கிறது, எது வண்டடித்தது என்று பார்த்தவுடன் பிரித்துப் போடுகிற கண் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் வெல்லக்காரருக்கும் செக்குக்காரருக்கும் இருக்கிற ஒன்று இவர்களுக்குக் கிடைக்கவில்லை. புளி வேறு யாருடையதோ, பாக்கெட்டில் போகிற பெயரும் வேறு யாருடையதோ, இவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி மட்டும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து இந்த வருடம் கிலோவுக்கு என்ன கூலி, ஒரு நாளில் எத்தனை கிலோ தட்ட முடிகிறது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் அடுத்த இதழில் இதே பகுதியில் போடுகிறேன்.